மாசிலாமணி திறந்த பெட்டி

பழைய மெஷின் பார்க்க மாசிலாமணியை அனுப்பினால், செவ்வாய்க்கிழமை வருவதாக விற்பவருக்குக் கார்டு எழுதிவிட்டுத் திங்கட்கிழமையே போய் நிற்பார். நேராகக் கம்பெனிக்குள் நுழையமாட்டார். எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து நின்றுபோன ஆள் யாராவது இருக்கிறானா என்று விசாரிப்பார். அப்படி ஒருவன் கிடைத்து அவன் சொல்வதைக் கேட்டாலும் நம்பமாட்டார்.

"கோவத்துல நின்னவன் சார். ரெண்டு கூடப் போட்டுத்தான் சொல்லுவான்."

"அப்புறம் எதுக்கு அவனைக் கேட்டீங்க?"

"கேட்டு வெச்சிக்கினா நல்லதுதானே."

இப்படிப்பட்ட மனிதரோடு ஏழு வருஷம் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளியவன் நான். திண்டிவனத்தில் செஞ்சி போகிற சாலையில் எங்கள் குழாய்க் கம்பெனி இருந்தது. வீட்டுச் சாக்கடைக்குப் புதைக்கிற, வெல்லப்பாகு நிறத்தில் மினுமினுக்கும் பீங்கான் குழாய்கள் அங்கே செய்தோம். முதலாளி பெயர் அப்பாதுரை. நான் சூப்பர்வைசர். கோபக்காரன் என்று எனக்கு அங்கே பெயர். அந்தப் பெயரை நான் உழைத்துத்தான் சம்பாதித்தேன். மாசிலாமணி ஃபிட்டர். மெஷின்கள் அனைத்தும் அவர் பொறுப்பு.

எங்கள் தொழிலுக்கு உயிர் ஒரே ஒரு மெஷின்தான். பேர் எக்ஸ்ட்ரூடர். எங்கள் ஆட்கள் அதைப் பக்மில் என்பார்கள். பெரிய முறுக்கு அச்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பிசைந்த மண்ணைப் போட்டால், உள்ளே சுற்றும் திருகு அதை முன்னால் தள்ளும். நடுவில் ஒரு பம்ப் மண்ணிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிடும். வாய் வழியாகக் குழாய் வழுவழுவென்று நீண்டு வரும், கம்பியால் அறுத்து எடுத்து வைக்க வேண்டியதுதான். புதிதாக வாங்குவது எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்குக் கனவு. எங்கோ ஒரு கம்பெனி மூடினால் அதனுடைய மெஷினை வாங்கி வந்து ஓட்டுவதுதான் வழக்கம். அதனால் வாங்கப் போகிற ஆளின் கண்ணும் மூக்கும் எங்களுக்கு முக்கியமாக இருந்தன.

மாசிலாமணிக்கு மூக்குதான் முதலில் வேலை செய்யும். கியர் எண்ணெயில் விரலை விட்டு முகர்ந்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பார். எண்ணெயில் மரத்தூள் கலந்தால் தேய்ந்த பற்களும் சத்தம் போடாமல் ஓடும், அந்தத் தூள் விரலில் நெருடும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சாவியால் சுரண்டி, விரிசலில் மெழுகும் இரும்புத்தூளும் அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். மண்ணையும் இங்கிருந்தே ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு போவார். விற்கிறவன் கூழ் மாதிரிக் குழைத்த மண்ணைப் போட்டு ஓட்டிக் காட்டுவானாம். தேய்ந்த திருகும் அதை ஜோராகத் தள்ளிவிடும், கெட்டி மண்ணைப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

இத்தனை தந்திரங்களும் எப்படித் தெரியும் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாம் இந்தக் கையால செஞ்சது சார். பத்தொம்பது வயசுல விழுப்புரத்துல ஒரு பட்டறையில இருந்தேன். பழைய மோட்டாரு வாங்கி விக்கிற எடம். மரத்தூள் போட்டது நான், மெழுகு அடச்சது நான். வல்லத்துலேர்ந்து ஒரு பெரியவரு கெணத்துக்கு மோட்டாரு வாங்க வந்தாரு. மொதலாளியக் கேக்கல, என்னியக் கேட்டாரு, நல்லதுதானாப்பான்னு. நல்ல மோட்டாருங்கன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு வாரம் ஓடிச்சி. மறுபடியும் வந்தாரு. திட்டுவாருன்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. என்னிய பாத்துக்கினே நின்னாரு, போயிட்டாரு."

அதற்குப் பிறகு அவர் யார் சொல்லையும் நம்பியதில்லை. தன்னை வைத்துத்தான் உலகத்தை அளந்தார். அவர் மனைவி இருதயமேரி கறிக்குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் எங்கள் பக்மில்லின் உடம்பு நெடுக விரிசல் கண்டு, ஒட்டுப்போட முடியாமல் நின்றுபோனது. பாண்டிச்சேரியில் ஒரு குடியிருப்புக்குக் குழாய் கொடுக்க முதலாளி அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் ஓடும் குழாயும் செய்த கம்பெனி ஒன்றை மூடிவிட்டார்கள், மெஷின் விலைக்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. மாசிலாமணி வழக்கம்போல ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினார். இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டார். சாக்கு மண்ணைச் சுமக்க ஆள் வேண்டுமே.

கம்பெனியில் கண்ணையன் என்று ஒருவர் மட்டும் இருந்தார். பதினோரு வருஷம் அந்த மெஷினை ஓட்டியவர். கம்பெனி மூடி ஆறு மாதம் ஆகியும், சம்பளம் இல்லாமலே வாரம் ஒரு முறை வந்து துடைத்துக் கிரீஸ் வைத்துவிட்டுப் போகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நாங்கள் போனபோதும் கையில் கந்தல் துணியோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் முன்னால் வந்துவிட்டீர்களே என்று கேட்கவில்லை. வந்ததில் சந்தோஷப்பட்டவர் போலத்தான் இருந்தார்.

மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. மாசிலாமணி கையில் சாவியை வைத்துக்கொண்டு சுரண்ட இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். என் காதருகே வந்து, "பெயிண்டு அடிக்காம வெச்சா நாம நம்பிடுவோம்னு கணக்குப் போட்டிருக்கான் சார்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணையன் தானாகவே குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

"காத்து கேஜு முள்ளு பொய் சொல்லும்ங்க. பம்ப நிறுத்தினாலும் இருபதுலயே நின்னுக்கினு இருக்கும். கேஜ மாத்திக்குங்க. ஸ்குரு நுனி கால் அங்குலம் தேஞ்சிருக்குது. ஒரு வருசம் தாங்கும், அப்புறம் வெல்டு வெச்சி ஏத்திக்கணும்."

ஒவ்வொரு குறையைக் கேட்கும்போதும் மாசிலாமணியின் நெற்றியில் ஒரு கோடு கூடியது. "ரெண்டு குத்தத்த அவனே சொல்றான்னா மூணாவது ஒண்ண மறைக்கிறான்," என்றார் என்னிடம். ஆனால் எண்ணெயில் விரல் நெருடவில்லை. எங்கள் கெட்டி மண்ணைப் போட்டு ஓட்டியபோது குழாய் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு குமிழி இல்லை. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காததால் மாசிலாமணி களைத்துப்போய் ஒரு ஓட்டுக் குவியல் மேல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கண்ணையன் அந்த வார்த்தையைச் சொன்னார். திருகு மண்ணை முன்னால் தள்ளும்போது, மண்ணும் திருகைப் பின்னால் தள்ளும். அந்த மூர்க்கத்தைத் தாங்குவதற்கு மெஷினின் பின்பக்கத்தில் ஒரு பெரிய பேரிங் இருக்கும், ஒரு வார்ப்பிரும்புப் பெட்டிக்குள். அதைக் காட்டினார்.

"இந்தப் பெட்டிய மட்டும் தொறக்காதீங்க மேஸ்திரி. நல்லா ஓடிக்கினு இருக்கும். தொறந்துதான் ஆவணும்னு வந்தா எனக்கு ஒரு கார்டு போடுங்க. நான் வர்றேன்."

பிறகு மாசிலாமணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மெஷினோட என்னியும் சேத்துக் கூட்டினு போனீங்கன்னா நல்லா இருக்கும் சார். பதினோரு வருசமா கையில பழகினது."

இது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான். கைமாறுகிற மெஷினோடு அதை ஓட்டியவரும் போவது உண்டு. அதன் குணம் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் வாங்கியவருக்கும் நல்லது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் மாசிலாமணி கொதித்தார்.

"தொறக்காதேன்னா உள்ள இன்னாமோ வெச்சிருக்கான் சார். அத்தோட என் வேலைக்கும் அடி போடறான். பேஜாரு புடிச்ச ஆளு."

முதலாளியிடம் மெஷினை வாங்கலாம், ஆள் வேண்டாம் என்று சொன்னார். முதலாளி அவர் சொல்லை மீறியதில்லை.

வந்து இறங்கிய மெஷின் முதல் நாளிலிருந்தே நன்றாக ஓடியது. இரண்டு வாரம் ஓடியது. நான் நிம்மதியாக இருந்தேன். மாசிலாமணிக்கு நிம்மதி போனது. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை அந்தப் பெட்டி மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நிற்பார். மண் போடுகிற தையல்நாயகி பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, மெஷினுக்குக் காச்சலா? டாக்டரு மாதிரி வெச்சிப் பாத்துக்கினே இருக்கீங்க," என்றாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்த வெள்ளை வேட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். சாவி என்னிடம்தான் இருக்கும். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் அரித்தது. இருவருமாகப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தோம்.

உள்ளே பேரிங்குக்குப் பின்னால் நான்கு பித்தளைத் தகடுகள் இருந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று தடிமன், ஒவ்வொன்றும் ஒரு கனம். மாசிலாமணி அவற்றைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதே இல்லை.

"பாத்தீங்களா சார். பெட்டி தேஞ்சி போயிருக்குது. தகடு வெச்சி முட்டுக் குடுத்து நம்ம தலையில கட்டிட்டான்."

நான்கையும் தன் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டார். ஒரே கனமுள்ள புதுத் தகட்டை வட்டமாக வெட்டி வைத்து, முறையாகப் பூட்டினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வந்த முதல் குழாய் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. உள்ளே திருகு ஒரு பக்கம் சாய்ந்து உராய்கிற சத்தம் கேட்டது. சூளையில் வெந்து வந்தவற்றில் இரும்புத் தூள் கறுப்புக் கறுப்பாகப் பொரிந்து கிடந்தது. மாசிலாமணி கழற்றுவதும் பூட்டுவதுமாக நான்கு நாள் மல்லுக்கட்டினார். அந்த நான்கு தகடுகளையும் எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை அவர் கவனிக்கவில்லை, நானும்தான். திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து வளைந்த குழாய்க் குவியலைப் பார்த்தார். "என்ன மாசிலா இது?"

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாம் அந்த விழுப்புரத்தான் வேல மொதலாளி. தேஞ்சு போன பெட்டிக்குத் தகடு குடுத்து ஏமாத்தி வித்துட்டான்."

சொன்னதில் பாதி நிஜம். பெட்டியை நாங்கள் திறந்ததை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளிக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். விழுப்புரத்திலும் பண்ருட்டியிலும் தனக்குத் தெரிந்த கம்பெனிக்காரர்கள் எல்லோரிடமும் கண்ணையன் ஒரு ஃப்ராடு என்று சொல்லிவிட்டார். ஒரு ஃபிட்டருக்கு அவன் பெயர்தான் சொத்து. அதை நாங்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்துவைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பத்தாவது நாள், வேறு வழி தெரியாமல், முதலாளிக்குச் சொல்லாமல் மாசிலாமணியும் நானும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம்.

கண்ணையன் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி வெள்ளையம்மாள் வறுத்த மல்லாட்டையை முறத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"பெட்டியத் தொறந்துட்டீங்களா?" என்றார் கண்ணையன்.

மாசிலாமணி தலையை ஆட்டினார். கண்ணையன் அதற்குமேல் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து சிமெண்டுத் தரையில் பெரிய வட்டம் போட்டார்.

"பேரிங்கு உக்கார்ற எடம் ஒரே சீரா தேயலைங்க. கீழ்ப்பக்கம் அதிகம், வலப்பக்கம் கொஞ்சம். அதான் நாலு பக்கத்துக்கும் நாலு கனத்துல தகடு. தகட்டு ஓரத்தப் பாருங்க, காடி வெட்டியிருக்கும். ஒரு காடி, ரெண்டு காடி, மூணு, நாலு. பெட்டி வாயில கிரீஸத் தொடச்சிட்டுப் பாத்தீங்கன்னா பஞ்ச்சால புள்ளி அடிச்சிருக்கேன். ஒரு காடித் தகடு ஒரு புள்ளிகிட்ட. ரெண்டு காடி ரெண்டு புள்ளிகிட்ட. அவ்ளோதான். கண்ணு தெரியாதவன்கூட கோத்துடலாம்."

கிரீஸைத் துடைத்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

கண்ணையன் சற்று வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "சொல்லியிருந்தா என்னிய எதுக்குங்க கூப்புடப் போறீங்க? ஒரு தரமாவது கூப்புடுவீங்க, வந்தா வேலையப் பாத்து வெச்சிக்குவீங்கன்னு நெனச்சேன்." பிறகு கரித்துண்டைக் கீழே வைத்தார். "பண்ருட்டியில ஒரு கம்பெனியில வரச்சொல்லி இருந்தாங்க. போன வாரம் போனேன். ஃப்ராடுக்கு வேல இல்லன்னுட்டாங்க. நான் இன்னா ஃப்ராடு பண்ணேன்னு உங்களுக்கு எதுனா தெரியுமா மேஸ்திரி?"

மாசிலாமணி ஒரு மல்லாட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். தோல் எப்போதோ போய்விட்டது, விரல்கள் மட்டும் உரித்துக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தோம். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியதும் மாசிலாமணி வாயைத் திறந்தார். "இவ்ளோ ஜல்தியா சொல்லிட்டானே சார். நம்பலாமா?"

"யோவ், வாயை மூடிக்கிட்டு வாரும்," என்றேன். பஸ்ஸில் நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படியும் அவர் மறுநாள் முதலில் தகடுகளைப் புள்ளிக்கு எதிர்வரிசையில் வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார். கண்ணையன் தலைகீழாகச் சொல்லியிருந்தால்? குழாய் முன்னைவிட மோசமாக வளைந்தது. கழற்றி, கண்ணையன் சொன்ன வரிசையில் வைத்தார். குழாய் நூல் பிடித்த மாதிரி வந்தது. தையல்நாயகி கைகொட்டினாள். முதலாளி ஓடிவந்து மாசிலாமணியின் முதுகில் தட்டி, "அந்தத் திருட்டுப்பயல் பண்ணின வேலையை என் ஆளு சரிபண்ணிட்டான்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மூன்று நாள் மாசிலாமணி சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பார், மூடுவார். நான்காம் நாள் காலை முதலாளி அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி, கண்ணையன் ஏமாத்தல. மெஷின் நல்லாத்தான் இருந்திச்சி. நான்தான் பெட்டியத் தொறந்து கெடுத்தேன். சரி பண்ணதும் நான் இல்ல. அவருதான் எப்படி வெக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு. அவரப் பத்தித் தப்பா சொன்ன எடத்துலல்லாம் நீங்க மறுபடியும் சொல்லணும்."

அப்பாதுரை முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"விழுப்புரம் போனியா?"

"போனேன்."

"அவன் உனக்கு என்ன குடுத்தான்?"

மாசிலாமணிக்குப் புரியவில்லை. முதலாளியே விளக்கினார். "நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே? வித்தவனுக்குப் பரிஞ்சு பேசறவன நம்பாதீங்க மொதலாளி, உள்ள ஏதோ இருக்கும்னு. ஏழு வருஷமா படிச்சிப் படிச்சி சொன்னியே. இப்ப நீயே வந்து அவன் யோக்கியன்றே. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"மெய்யாத்தான் சொல்றேன் மொதலாளி."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்கன்னு சொன்னதும் நீதான்."

நான் வாயைத் திறந்தேன். "அது உண்மைதாங்க, நானும் கூட..." முதலாளி கையைக் காட்டி அடக்கிவிட்டார். "ரெண்டு பேரும் சேந்துதான் போனீங்களா?" என்றார். அந்தக் குரலில் என் பெயரும் போய்விட்டது என்று தெரிந்தது.

மாசிலாமணி வெளியே வந்தார். நேராகப் போய் மெஷினை நிறுத்தினார். மண் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் பெட்டியைத் திறந்து நான்கு தகடுகளையும் எடுத்து, கிரீஸ் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"இதக் கோக்க எனக்குத் தெரியாது மொதலாளி. அன்னிக்கு ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிட்டுது. தெரிஞ்சவரு ஒருத்தருதான், விழுப்புரத்துல இருக்காரு."

முதலாளி தகடுகளைப் பார்த்தார். பாண்டிச்சேரிக்கு இன்னும் பாதிக் குழாய் போக வேண்டியிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"வெங்கடாசலம், இவனுக்கு நிஜமாவே தெரியாதா? உமக்குத் தெரியுமா?"

சிமெண்டுத் தரையில் போட்ட கரிவட்டம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. "தெரியாதுங்க," என்றேன். என் உத்தியோகத்தில் நான் முதலாளியிடம் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் நான் வருத்தப்பட்டதில்லை.

அன்று மாலையே நான் விழுப்புரம் போனேன். இந்த முறை கண்ணையன் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"எதுக்குக் கூப்புடறாங்க? எல்லாத்தையும் அன்னிக்கே சொல்லிட்டேனே."

"மாசிலாமணிக்குக் கோக்க வரலையாம்."

"அவருக்கா வரல?" என்று என் முகத்தையே பார்த்தார். "இதுக்கு உள்ள இன்னா இருக்குது சார்?"

எனக்குச் சுரீர் என்றது. இதே கேள்வியை, இதே தொனியில், ஏழு வருஷமாகத் தினமும் மாசிலாமணியின் வாயில் கேட்டிருக்கிறேன். நடந்ததை எல்லாம் அப்போதே கண்ணையனிடம் சொன்னேன், முதலாளியிடம் சொன்ன பொய் உட்பட. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தைகூட நம்பியதாகத் தெரியவில்லை.

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க," என்றார். "மெஷின் விக்கும்போது நல்லா இருந்திச்சி, பெட்டியத் தொறந்தது அவங்க ஆளு, எனக்கு அங்க வேல உண்டு. மூணும் எழுதி, மொதலாளியும் அந்த மேஸ்திரியும் கையெழுத்துப் போடணும். காயிதம் கைக்கு வந்தாத்தான் பஸ் ஏறுவேன்."

மாசிலாமணி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு காகிதத்தைப் படிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். முதலாளி முனகிக்கொண்டே போட்டார். அவருக்கு வேண்டியது குழாய்.

கண்ணையன் தன் சொந்த ஸ்பானர்களோடு வந்து இறங்கினார். காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார். மெஷினை ஒரு சுற்று சுற்றிவந்தார். பிறகு எல்லோரும் வெளியே போக வேண்டும் என்றார். பெண்கள் போனார்கள். முதலாளியும் போனார். மாசிலாமணி கதவருகே தயங்கினார்.

"மேஸ்திரி மொதல்ல போவணும்," என்றார் கண்ணையன், முகத்தைப் பார்க்காமல். பெட்டியைச் சுற்றி ஒரு கோணிச் சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டார்.

பூவரச மரத்தடியில் உடைந்த குழாய் ஒன்றின்மேல் மாசிலாமணி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நான்கு தகடுகளை நான்கு புள்ளிகளுக்கு நேராக வைத்துப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைவிட அதிக நேரம் ஆனது. உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, சீராக, விட்டுவிட்டு.

மாசிலாமணி தலையைச் சாய்த்துக் கேட்டார். "அரம் போடறாரு சார்."

"எதுக்கு?"

"புள்ளிய எடுக்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் புள்ளிகள் போய்விட்டால் பின்னால் வருகிற எவனாலும் அந்தப் பெட்டியைக் கோக்க முடியாது. தடுக்கலாம் என்று எழுந்தேன். மாசிலாமணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வுடுங்க சார். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்." தோளிலிருந்த துண்டை எடுத்தார். "கண்ணு தெரியாதவன்கூட கோக்கணும்னு அடிச்சி வெச்சிருந்த மனுசன் சார் அவரு. என்னிய மாதிரி ஆக்கிட்டேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பாவத்தில் பாதிப் பங்கு என்னுடையது.

கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே போனோம். குழாய் நேராக வந்துகொண்டிருந்தது. முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். கண்ணையன் சாக்கை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கித் தர வேண்டும், சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார்.